பாரம்பரிய நாளுக்கு என்ன கொண்டு போவது?

படப்பையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு வருகிற மாணவி ஒருவர், போன மாதம் ஒரு காகிதத்தை நான்காக மடித்து எடுத்து வந்தார். இந்தப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஓராண்டு டிப்ளமோ படிக்கிறார். படித்து முடித்தால் ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைக்கும் என்பது அவர் வீட்டின் கணக்கு. அந்தக் காகிதம் 'பண்பாட்டுப் பன்மையும் பாரம்பரியமும்' என்ற பாடப்பிரிவின் செயல்திட்டம். வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, கடைசியில் ஒரு 'பாரம்பரிய நாள்'. ஒவ்வொருவரும் அவரவர் சமூகத்தின் பாரம்பரிய உடையில் வர வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பண்டம், ஒரு பொருள். அந்தப் பொருளைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். பத்து மதிப்பெண்.

"அக்கா, நான் இன்னா எடுத்துனு போறது?" என்று கேட்டார்.

அவர் வீட்டுப் பரணில் ஒரு பறை இருக்கிறது. தாத்தாவுடையது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய வருடங்களில் காலனி இளைஞர்கள் கூடி, இனி ஊர்ச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தபோது தாத்தாவும் அடிப்பதை நிறுத்தினார். அதன் பிறகு ஊரில் கொஞ்ச நாள் வேலை கொடுக்கவில்லை, கடையில் கடன் கொடுக்கவில்லை. பறை பரணுக்குப் போனது. மாணவியின் அப்பா அதைத் தொட்டதே இல்லை. இவர் இந்தப் பறையைக் கொண்டு வரலாமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறார். ஆசிரியருக்கு மகிழ்ச்சி. தாராளமாகக் கொண்டு வா, மேடையில் அடிக்கலாம், ஆனால் சாவு அடி வேண்டாம், மங்களகரமாக ஏதாவது அடி என்று சொல்லியிருக்கிறார்.

கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த ஆசிரியரைக் கெட்டவர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறவர், கொடுத்த பாடத்தை நடத்துகிறார். பறையை மேடையில் ஏற்றுவது மரியாதை என்று உண்மையாகவே நம்புகிறார். சிக்கல் அந்தப் பாடப்பிரிவின் தலைப்பிலேயே இருக்கிறது. 'பன்மை' என்ற சொல்லுக்குள் சாதியைப் போட்டால் சாதி அழகாகிவிடுகிறது. உனக்கு ஒரு உடை, எனக்கு ஒரு உடை. உனக்கு ஒரு வாத்தியம், எனக்கு ஒரு வாத்தியம். பூந்தோட்டத்தில் பல நிறப் பூக்கள். தாத்தா ஏன் அடித்தார், யாருக்கு அடித்தார், என்ன கூலிக்கு அடித்தார், ஏன் நிறுத்தினார் என்ற கேள்விகளுக்கு அந்தத் தோட்டத்தில் இடமில்லை. மூன்று நிமிடமும் பத்தாது.

இதை நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு மாணவர் வகுப்பறையில் வைத்தே பேசிவிட்டார். 1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். மானுடவியல் என்றால் அப்போது மண்டை ஓட்டை அளந்து இனம் பிரிக்கிற காலம். இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரிகள் மூக்கின் அகலத்தை அளந்து சாதியை விளக்கிக்கொண்டிருந்தார்கள். அம்பேத்கர் அந்தப் பக்கமே போகவில்லை. இந்திய மக்கள் எல்லோரும் இனக்கலப்பு உடையவர்கள்தான், பண்பாட்டில் ஓர் ஒருமை இருக்கிறது, அப்படிப்பட்ட மக்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பது எது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர் கண்ட விடை அகமணம். கதவைச் சாத்திக்கொண்ட வர்க்கம்தான் சாதி என்றார். பிறகு 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், இனமும் சாதியும் ஒன்றல்ல என்பதை இன்னும் கடுமையாகச் சொன்னார்.

அதாவது இனக்குழுப் பன்மை ஒரு விஷயம், சாதிப் படிநிலை வேறொரு விஷயம். இருளரும் சந்தாலியும் மலையாளியும் தெலுங்கரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது பன்மை. ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பதைப் பன்மை என்று சொல்ல முடியாது. எங்கள் வாதம் இவ்வளவுதான். ஆனால் ஒரு பாடத்திட்டத்தில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாமே மாறும்.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு நமக்கு எங்கிருந்து வந்தது என்று பல மாணவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவிலிருந்து வந்தது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது, 1996இல் சென்னை மயிலை கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. சேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் போன்றவர்கள் இதை இந்தியா முழுவதும் கொண்டு போனார்கள். பள்ளியில் தேறாதவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள், ஏழைப் பெண்கள், தலித்துகள், பழங்குடிகள் என்று வழக்கமான கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கான கதவு என்றுதான் இது சொல்லப்பட்டது. அந்த நோக்கத்தை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். எங்கள் வட்டத்திலேயே அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் இருக்கிறார்கள். 2013க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டத்திலும் சமுதாயக் கல்லூரி வந்தது. அப்போது 'திறன்' என்ற சொல்தான் முன்னால் நின்றது. வெல்டிங், நோயாளி பராமரிப்பு, கணினி, தையல், ஆட்டோமொபைல்.

அமெரிக்காவிலிருந்து கட்டடத்தின் வரைபடத்தைக் கொண்டு வந்தவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் நடந்த ஒரு சண்டையை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்தச் சண்டை நம்மோடு நேரடியாகத் தொடர்புடையது.

கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் மெரிட் கல்லூரி என்று ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அங்கே ஹியூ நியூட்டன், பாபி சீல் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் படித்தார்கள். வாத்தியார் சொல்லித் தருகிற அமெரிக்க வரலாற்றில் எங்கள் மக்கள் எங்கே என்று கேட்டார்கள். கறுப்பின வரலாற்றைப் பாடமாக வையுங்கள் என்று கல்லூரிக்குள் போராடினார்கள். 1966 அக்டோபரில் அந்த இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் கருஞ்சிறுத்தைகள் கட்சி. அதைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்ற இளைஞர்கள் 'தலித் பேந்தர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சிறுத்தை பிறகு மதுரை வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. படப்பைச் சந்திப்பில் சுவர் சுவராக எழுதப்பட்டிருக்கிற அந்தப் பெயரின் வேரைத் தேடிப் போனால், ஒரு சமுதாயக் கல்லூரியில் 'எங்கள் வரலாற்றைப் பாடமாக வை' என்று கேட்ட இரண்டு மாணவர்களிடம் போய் நிற்கும்.

அது அங்கேயே நிற்கவில்லை. 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின, ஆசிய, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடி மாணவர்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கரை மாதம் நீடித்தது. போலீஸ் அடித்தது, கைது செய்தது. 1969இல் அங்கே இனக்குழு ஆய்வுகளுக்கென்று ஒரு தனிக் கல்லூரியே உருவானது. 2020இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் எவரும் ஓர் இனக்குழு ஆய்வுப் பாடம் படிக்காமல் பட்டம் வாங்க முடியாது என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு சமுதாயக் கல்லூரிகளிலும் இந்த நிபந்தனை முடிவானது. 2022 ஜனவரியில் அதே மாநிலப் பல்கலைக்கழகம், அதன் 23 வளாகங்களிலும் சாதி அடிப்படையிலான பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. தலித் மாணவர்கள் அதற்காக அங்கே சாட்சி சொன்னார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்ட முன்வடிவு அந்த மாநிலத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியும் ஆளுநர் கையெழுத்திட மறுத்துவிட்டார். சாதி கடல் தாண்டிப் போகிறது, அதைத் தடுக்கிற கையும் கூடவே போகிறது.

அம்பேத்கரே 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் கொடுத்த மனுவின் நகலை அனுப்ப முடியுமா என்று கேட்டார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். நமக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் பழையது. கல்லூரியை மட்டும் வாங்கிக்கொண்டு பாடத்தை வாங்காமல் விட்டது யாருடைய தேர்வு?

சரி, பாடத்தை இங்கே வைத்தால் அதில் என்ன இருக்கும்? படப்பையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் இதைத்தான் யோசித்தோம். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் தேடிப் போக வேண்டியதே இல்லை.

மாணவியின் பாடக் குறிப்பில் 'நம் பகுதியின் பாரம்பரியம்' என்று ஒரு பக்கம். திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர், குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர், உத்திரமேரூர் குடவோலை. மூன்றும் உண்மை. மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒன்றையும் நீக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழன் காலத்தது, 920ஐ ஒட்டியது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டார். பானைக்குள் ஓலை போட்டு எடுத்தார்கள், ஜனநாயகம். யார் பெயரை ஓலையில் எழுதலாம்? வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அந்த நிலத்தில் உழுதவர்களின் பெயர் பானைக்குள் போகவே முடியாது. இதே சோழர் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில், வரி நீக்கிய இடங்களின் பட்டியலில், சுடுகாட்டோடு சேர்த்துப் 'பறைச்சேரி'யும் வருகிறது. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் தெரு கல்லில் பதிவாகியிருக்கிறது என்பதை எந்தப் பாரம்பரிய நாளில் சொல்வார்கள்?

சேக்கிழாரை எடுத்துக்கொள்ளுங்கள். படப்பை குன்றத்தூர் ஒன்றியத்தில்தான் இருக்கிறது, அதனால் அவர் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கும் ஆசைதான். பெரியபுராணத்தில் ஆதனூர்ச் சேரியை அவர் விரிவாகவே வர்ணிக்கிறார். அங்கிருந்து கிளம்பும் நந்தனார் தில்லைக்குள் போக வேண்டுமானால் தீயில் மூழ்கி, பூணூலோடு வெளியே வர வேண்டும். பறையராகப் போனவர் பறையராகத் திரும்பவில்லை, திரும்பவே இல்லை. பக்தி என்று இதைப் படித்தவர்கள் ஏராளம். இலக்கிய வகுப்பில் இதை ஒரு வழக்காக எடுத்துப் படித்தால் மாணவர்கள் என்ன கேள்வி கேட்பார்கள் என்று பார்க்க எங்களுக்கு ஆசை.

இப்படிப் பழைய நூல்களையும் கல்வெட்டுகளையும் விடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. எங்களைப் பொறுத்தவரை இந்தத் தொழில் வழித்தடத்தின் முதல் பாடநூல் அதுதான். 1891இல் செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கை. அன்றைக்குப் படப்பையும் ஒரகடமும் திருப்பெரும்புதூரும் செங்கல்பட்டு மாவட்டம். இந்த மாவட்டத்தின் பறையர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அந்த வெள்ளைக்கார அதிகாரி பார்த்து எழுதினார். குடிசை போட்டிருக்கும் மனைகூட மிராசுதாரருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் வீட்டோடு விரட்டலாம். தரிசு நிலத்தைப் பயிரிட நம் ஆள் மனு போட்டால், எங்களுக்குத்தான் முன்னுரிமை என்று மிராசுதாரர் தடுக்கலாம். கடன் வாங்கியவன் படியாளாகத் தலைமுறை தலைமுறையாக உழைப்பான். நிலம், மனை, பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அவர் கருணையால் மட்டும் இது நடந்துவிடவில்லை. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகள் அழுத்தம் கொடுத்தார்கள். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் சங்கம் கட்டிக்கொண்டிருந்தார். இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்து இதழ் தொடங்கினார்.

1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். டி.சி. நிலம், கண்டிஷன் பட்டா என்று தாத்தாக்கள் சொல்வதும் இதுதான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் இன்று நம் கையில் எவ்வளவு? அதைக் கேட்டுத்தான் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். படப்பையிலிருந்து பஸ் பிடித்தால் போய் வரக்கூடிய தூரம். எங்கள் வட்டத்தில் 20 வயதுக்குள் இருந்தவர்களிடம் இந்தப் பெயர்களைக் கேட்டோம். இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. கல்லூரியைக் குறை சொல்கிற நாங்களும் சொல்லித் தரவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். பிறகு டிரக், மோட்டார் சைக்கிள், டயர், செல்போன். வயலும் ஏரிப் பாசனமுமாக இருந்த மண் கால் நூற்றாண்டுக்குள் மதில் சுவர்களாக மாறிவிட்டது. எந்தக் கம்பெனி எந்த நிலத்தில் நிற்கிறது என்று ஆதாரம் இல்லாமல் நாங்கள் சொல்லப் போவதில்லை. ஆனால் கேட்பது மாணவர்களால் முடியும். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடு இருக்கிறது. பழைய செட்டில்மென்ட் பதிவேடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முன்பும் பின்பும் ஒரே புல எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடலாம். 'வீட்டிலிருந்து ஒரு பாரம்பரியப் பொருள்' என்பதற்குப் பதில் 'தாத்தா உழுத நிலத்தின் புல எண்' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்துப் பாருங்கள். அலுவலகத்தில் எப்படிப் பேசுவது, மனு எப்படி எழுதுவது, அளவைக் கணக்கு எப்படிப் போடுவது எல்லாம் அதிலேயே வந்துவிடும். திறன் வேண்டும் என்கிறார்களே, இதைவிடத் திறன் எது?

இனி நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசியாக வேண்டும். பன்மை என்ற சொல்லை நாங்கள் வெறுக்கவில்லை. இந்த வழித்தடத்தில் உண்மையான இனக்குழுப் பன்மை இருக்கிறது, நாம்தான் அதைப் பார்ப்பதில்லை. படப்பைக் கடைத்தெருவில் ஞாயிறு மாலை நின்றால் ஒடியா, போஜ்புரி, வங்காளி, அசாமி எல்லாம் காதில் விழும். பத்துக்குப் பத்து அறையில் ஷிப்டு மாற்றி ஷிப்டு படுக்கிறவர்கள். அவர்களில் சந்தாலிகள், முண்டாக்கள் இருக்கிறார்கள், பீகாரின் சமார், முசஹர் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பையன்கள் அவர்கள் எல்லோருக்கும் வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான்: 'வடக்கன்'. சொல்கிறபோது அதில் எவ்வளவு இளக்காரம்! ஊரார் நம்மைக் கூப்பிட்ட தொனியை நாம் எங்கே கற்றோமோ, அங்கேயே அதை விட்டுவரவில்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ரயில் ஏறியவர்களில் நம்மைப் போன்ற சேரிக்காரர்களும் இருந்திருப்பார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்கு உறைத்தது?

இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பூர்வகுடிகள். இந்த மண்ணில் மனிதக் கைபட்ட கல் ஆயுதம் முதன்முதலில் பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கையில் கிடைத்தது. அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவை 15 லட்சம் ஆண்டு பழையவை என்கிறார்கள். இதையெல்லாம் பாரம்பரியப் பக்கத்தில் போடுகிறவர்கள், ஏரிக்கரையில் பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் குடியிருக்கும் இருளர் குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க எத்தனை நடை ஆகிறது என்பதைப் போடுவதில்லை. 2023இல் இருளர் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பாம்பு பிடிக்கும் அறிவுக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் கொத்தடிமைகளாக மீட்கப்படுகிறார்கள். சேரிக்கும் இருளர் குடிசைக்கும் நடுவில் நாம் விட்டு வைத்திருக்கிற தூரத்தையும் அந்தப் பாடத்தில் எழுத வேண்டும். எழுதினால் நமக்கு வலிக்கும்.

எங்கள் வட்டத்திலேயே ஒரு தோழர் இதற்கெல்லாம் உடன்படவில்லை. அவர் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, ஏழு வருடமாக நிரந்தரம் ஆகாதவர். "பிள்ளைங்களுக்கு முதல்ல சம்பளம் வேணும். வரலாறு சோறு போடாது. நீங்க பாடத்தைக் கஷ்டமாக்கினா அவங்க பாதியில நின்னுடுவாங்க" என்றார். இதை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. வறுமையில் இருப்பவரிடம் போய் முதலில் வரலாறு படி என்று சொல்வது வசதியானவர்களின் பேச்சு. ஆனால் அதே தோழரிடம் கேட்டோம்: வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் உன்னிடம் என்ன கேட்டார்கள்? "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொன்னதும் "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார்கள். அவர் என்ன சொன்னார்? பக்கத்து ஊர் பேரைச் சொல்லிவிட்டார். ஏழு வருடமாக அந்தப் பொய்யைக் காப்பாற்றி வருகிறார். உடன் வேலை பார்ப்பவர்களை வீட்டுக்கு அழைத்ததில்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன்வரலாற்றில், கோயம்புத்தூரில் படித்தபோது எங்கே சாதி தெரிந்துவிடுமோ என்று சக மாணவர்களோடு பழகாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனதை எழுதியிருக்கிறார். அதை அன்று வாசித்துக் காட்டினோம். தோழர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை, தர வேண்டாம்.

2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது பந்தலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெருப் பேரைச் சொல்லிக்கொள்ள முடிந்ததா? எங்களுக்கு இது தொழிற்சங்கக் கேள்வியும்கூட. ஒளித்துக்கொண்டு நிற்கிறவனால் ரொம்ப தூரம் கூட நிற்க முடியாது.

பாடத்தில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். 2019இல் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்ற பாடம் நீக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாஸ்வேதா தேவியையும் எடுத்துவிட்டது. பாமா வேறெங்கோ இருப்பவர் அல்ல, நம் உத்திரமேரூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். குடவோலை எவ்வளவு பாரம்பரியமோ அவ்வளவு பாரம்பரியம் அவருடைய 'கருக்கு'ம். டெல்லியில் எடுத்தார்கள் என்றால் படப்பையில் வைப்போம். கல்லூரி வைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வைப்போம். ஆனால் கல்லூரியை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு வராத பிள்ளைகள்தான் அங்கே அதிகம்.

அந்தக் கல்லூரியிலிருந்து எங்களில் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக வந்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மாணவிதான் ஆசிரியரிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். போவது என்று முடிவெடுத்திருக்கிறோம். ஒரு மணி நேரம் போதாது, நான்கு வாரம் கொடுங்கள், சம்பளம் வேண்டாம், இரண்டாவது வாரம் மாணவர்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மூன்றாவது வாரம் ஓர் ஒடியா தொழிலாளர் அறைக்கும் கூட்டிப் போக அனுமதி கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. வராவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம்.

பறை விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது இனிப்பு கொடுத்தவர்களும் நாங்கள்தான். இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மறுத்து நடத்திய போராட்டங்களைச் சொல்லி, இதை மேடையில் ஏற்றாதீர்கள் என்று வாதாடுகிறவர்களும் நாங்கள்தான். சுயமரியாதையோடு விரும்பி அடிக்கிற பறை வேறு, பிணத்துக்கு முன்னால் அடித்தே ஆக வேண்டும் என்ற பறை வேறு. ஆனால் தோல் ஒன்றுதான். அதனால் மாணவியிடம் இதைச் செய், அதைச் செய் என்று நாங்கள் சொல்லவில்லை. தாத்தாவைக் கேள் என்றோம்.

கேட்டிருக்கிறார். தாத்தா பரணில் ஏறச் சொல்லி, பறையை இறக்கித் துடைத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எடுத்துனு போ. ஆனா அடிக்காத. ஏன் நிறுத்துனோம்னு சொல்லு. சொல்ல உட்டாங்கன்னா அப்புறம் அடி" என்றாராம்.

பாரம்பரிய நாள் அடுத்த மாதம். அதற்கு முன் வருகிற ஞாயிறு நம் வட்டத்தில் 1916ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசிக்கிறோம். தமிழில் நகல் எடுத்து வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் வீட்டில் கேட்டு ஒரு புல எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மாலை 5 மணி.

ஜெய் பீம்.